கழுவியவள்

பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொண்ட வருடம்
எங்கள் பிழைப்பு போயிற்று.
ஜூரா மலைச் சரிவில் எங்களுடையது சீப்பு ஊர்.
கொண்டையில்லாத தலைக்குக் கொண்டைச் சீப்பு எதற்கு?
அந்தெல்ம் பெரோதேயின் கிடங்கில்
நாலாயிரம் செல்லுலாய்டு தகடுகள்,
கண்ணாடி மாதிரி, விலைபோகாமல்.

பாரிசிலிருந்து வந்த ஒல்லி ஓவியன் இசிதோர்
ஒரு தகட்டை ஜன்னலில் சாய்த்து
அதன்மேல் கோவேறு கழுதை ஒன்றை வரைந்தான்.
வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.
கழுதை பனிக்குள் நின்றது.
அவ்வளவுதான்.
பெரோதே வீட்டை அடமானம் வைத்தார்.

உப்பு மூட்டையோடு ஒரு கழுதை
மலையிலிருந்து கடலுக்குப் போகிறது. கதை அதுதான்.
உப்பு விற்கப் போனால் மழை பெய்யத்தானே செய்யும்,
வழி நெடுக மழை.
ஒரு மணி நேரம் ஓடும் என்றான்.
சித்திரம் நகர்வதைப் பத்து நிமிடத்துக்குமேல்
யார் பார்ப்பார்கள், கண் அவிந்துபோகும் என்றார் பாதிரியார்.
நொடிக்குப் பதினாறு படம்.
என் தங்கை மாவுப் பையின் மேல் பெருக்கிப் பார்த்தாள்:
ஐம்பத்தேழாயிரத்து அறுநூறு.
தகடு நாலாயிரம்.

அதனால்தான் நான்.
வரைவார்கள், படம் பிடிப்பார்கள், என்னிடம் வரும்.
சோடா கரைத்த தொட்டியில் முக்கித் துடைத்தால்
முதலில் கால் போகும், பிறகு மூட்டை.
காது கடைசியில். காதுக்கு ஏனோ மை அதிகம்.
விடிந்து மதியத்துக்குள் நூற்றைம்பது கழுதைகளை
இல்லாமல் ஆக்குவேன்.
நாங்கள் செய்ததற்குச் சாட்சி பிலிம் சுருள் மட்டும்.
அதுவும் தீப்பொறிக்கு வாக்கப்பட்டது.

அடுப்பு கூடாது, விளக்குத் திரி கூடாது.
பட்டறை எரிந்து ஹொனோரினின் அண்ணன் போனதை
யாரும் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.
ஜனவரியில் தொட்டியில் ஐஸ் ஏடு கட்டும்,
முழங்கையால் உடைப்பேன்.
மை உறையாமலிருக்க
மைக்கூட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரைந்தார்கள்.
முடிந்த சுருள்கள் பாலாடைக்கட்டி நிலவறையில்,
ஈரச் சாக்குக்கு அடியில்.
“படம் நாறும்” என்றார் பெரோதே.
அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் அடித்த ஒரே ஜோக்.

மார்ச்சில் ஆறு வந்தது.
மண்குதிரையை நம்பி இறங்குகிறவர்கள் உண்டு,
நாங்கள் மைக்கழுதையை நம்பி.
வலது மேசையில் இருப்பது படம் பிடித்தவை.
இடது மேசை, இனிமேல்தான்.
எனக்கு அன்று காய்ச்சல்.
இடது மேசையிலிருந்து நாற்பத்தாறு தகடுகளை எடுத்துக்
கழுவினேன். துடைத்தேன். உலர்த்தி அடுக்கினேன்.
சாயங்காலம் இசிதோர் கேட்டான்:
நடு ஆறு எங்கே?

நான் வாயைத் திறக்கவில்லை.
ஹொனோரின் என் கையைப் பார்த்தாள்,
பிறகு அவளுடைய கையைப் பார்த்தாள்.
வங்கிக்கு இன்னும் ஒன்பது நாள்.
கரையோடு கரையை ஒட்டிவிட்டான்.

லியோனில் திரையிட்டபோது கடைசி வரிசையில் இருந்தேன்.
கழுதை இந்தக் கரையில் நிற்கிறது.
காதை நிமிர்த்துகிறது.
அந்தக் கரையில் நிற்கிறது, நனைந்து, மூட்டை சிறுத்து.
இடையில் ஒன்றுமில்லை.
யாரோ மூச்சை இழுத்தார்கள். யாரோ சிரித்தார்கள்.
முன்சீட்டுப் பையன் “முங்கிருச்சாம்மா?” என்றான்,
அவள் உஷ் என்றாள்.
முங்கியது எங்கே என்று எனக்குத் தெரியும்.
சாம்பல் நிறத் தண்ணீர், நாற்பத்தாறு தடவை,
ஒவ்வொரு தடவையும் காது கடைசியில்.

மறுநாள் பத்திரிகைக்காரர் ஒருவர்
அந்தத் தாவலைத் துணிச்சல் என்று எழுதினார்.
இசிதோர் அதை வெட்டிப் பர்ஸில் வைத்துக்கொண்டான்.

பெரோதேயின் வீடு தப்பித்தது, கூரை தவிர.
கணக்கு முடித்த அன்று எல்லோருக்கும்
கூலியோடு ஒரு கொண்டைச் சீப்பும் கொடுத்தார்.
என் முடி அப்போது காதுவரைதான்.
வாங்கிக்கொண்டேன்.