அப்பச்சோடா

பிறேமினி போய் மூன்று நாள்.
அடிப்பிடித்த சட்டி இன்னும் சிங்குக்குள்.
பருப்பு கரியாகி, கரி தாராகி,
ஜம்பட்டா வீதியில் ஒரு துண்டை வெட்டி
உள்ளே ஒட்டினதுபோல் கிடக்கிறது.

இரும்புத் தும்பு தோற்றது.
பாதித் தேசிக்காயும் தோற்றது.
நகத்தால் சுரண்டினேன், நகம்தான் போனது.

மூலைக்கடையில் அப்பச்சோடா,
பழைய பேப்பர்ச் சுருளில் ஐம்பது கிராம்.
ஒரு கரண்டி போட்டேன். இன்னொரு கரண்டி.
பிறகு என்ன நினைத்தேனோ, மிச்சம் முழுவதும்.
சட்டி நிறையத் தண்ணீர்.
அடுப்பைச் சிறிதாக்கினேன், கேஸ் விலை தெரிந்தவள்.
சண்டையும் அதற்குத்தான்.

தண்ணீர் கொதிக்க முன்னமே அது நுரைத்தது.
சூடு வருகிறதாம் என்று கேள்விப்பட்டதுமே
அடியிலிருந்து பொடிப்பொடியாய் எழும்பி
மேலே வந்து ஆளுக்கொரு மூச்சை விட்டுவிட்டு
இல்லாமல் போயின குமிழிகள்.

நானும் அப்படித்தான்.
"ஃபோனில கதைச்சுக்கொண்டு மறந்திட்டன் அக்கா" என்று
அவள் சொல்லி முடிக்கவில்லை, கேட்டுவிட்டேன்:
"சிலிண்டர் உம்மட அப்பா வாங்கித் தந்ததோ?"

அப்பா இல்லாதவள்.
தெரியாமல் கேட்கவில்லை.

சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு எனக்கு சி.
ஆனாலும் இந்த ஒரு பாடம் நினைவில் நிற்கிறது:
கொதிக்கக் கொதிக்கச் சோடா தன் காற்றை விட்டுவிடும்.
விட்டபின் மிஞ்சுவது
அப்பத்தைப் பொங்கவைத்த அந்தச் சாதுவான மா அல்ல.
நிறை குறைவு, காரம் கூட.
அதற்குப் பெயரே வேறு. சலவைச் சோடா.

நானோ, பொங்கினால் தீர்ந்தது என்றும்
நுரை இறங்கினால் கோபம் இறங்கிற்று என்றும்
முப்பத்தாறு வயதுவரை நம்பியிருந்தேன்.

துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது.
மூடியைத் திறந்தேன்.
நுரை இல்லை, வெறும் கொதி.
தண்ணீர் தேயிலைச் சாயமாகியிருந்தது.
அகப்பைக் காம்பால் தட்டினேன்,
கரி ஓரத்தில் இளகி
ஒரே தகடாய் எழும்பி மிதந்தது.
"பிறேமினி, இஞ்ச ஓடிவந்து பாரும்!"

மின்விசிறி மட்டும் திரும்பிப் பார்த்தது.

கழுவித் துடைத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
கரி இல்லை. பளபளப்பும் இல்லை.
அலுமினியம் கறுத்து மங்கியிருந்தது.
எது கரி, எது சட்டி என்று
பிரித்துத் தின்னக் காரத்துக்குத் தெரியாது.

சட்டி அவளுடையது.
அடியைத் திருப்பினால் ஆணியால் குத்திய ஓர் எழுத்து,
'த'. அவளுடைய அம்மாவின் பெயர்.

பேப்பரில் சுற்றினேன். அவிழ்த்துப் பார்த்தேன்.
திரும்பவும் சுற்றினேன்.
நாளைக்கு ஞாயிறு.
ஹெந்தளையில் அவளுடைய சித்தி வீடு,
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம்.

கரியை எடுத்திட்டன் என்று சொல்வேன்.
மங்கினதை
அவள் பார்க்கும்போது
நான் எங்கே பார்ப்பது என்பதுதான்
இன்னும் தெரியவில்லை.