மூடாத நாற்கோணம்

விளக்குத்தூண் பக்கம் ஆணி அடித்து
விடியலில் அளக்கத் தொடங்கினோம்.
மாசி வீதி நான்கும் சுற்றி
அதே ஆணிக்கு வந்தபோது மணி பதினொன்று.
இருபத்திரண்டு சென்டிமீட்டரைக் காணோம் என்றது கருவி.

ஊர் மூடவில்லை.
சதுரத்துக்குள் சதுரமாய்
ஆடி, சித்திரை, ஆவணி, மாசி என
மாதங்களை வீதியாய் விரித்த ஊர்,
காகிதத்தில் எப்போதும் மூடும்.

கல்லூரிப் புத்தகத்தில் இத்தாலிக்காரன் ஒருவன்
வட்டத்துக்குள் கைகால் விரித்து நிற்பான்.
அவன் முகத்தைப் போல் பத்து மடங்கு அவன்,
அவன் அளவில் தூண், தூணின் அளவில் தேவாலயம்.
முழு மதிப்பெண் வாங்கினேன்.

"ஒச்சப்பா, கம்பை எங்கே வைத்தாய்?"

"மேல மாசி வீதி முக்குலக்கா,
குறி போட்ட எடத்துல பூக்காரம்மா உக்காந்திருந்துச்சு.
மொத போணி. எந்திரிக்கச் சொல்ல மனசு வரல,
ஒரு சாண் தள்ளி வச்சேன்.
நீங்க மெஷினத் தூக்கிட்டு வர்றதுக்குள்ள
டீ குடிக்கப் போயிருச்சு."

திரும்பிப் போனோம்.
மறுபடி குறிமேலேயே உட்கார்ந்து
முழங்கையிலிருந்து விரல்நுனிவரை
மல்லியை இழுத்து அளந்துகொண்டிருந்தாள்.
குட்டைக் கை.
"ஒங்க முழம் சின்னதுக்கா" என்றாள் வாங்க வந்தவள்.
"எங்கை இம்புட்டுத்தேன்" என்று
ஒரு கண்ணி கூட்டி நறுக்கினாள்.

வெயில் ஏறியது.
முக்காலியை விரித்தேன், மடக்கினேன்.
குறிப்பேட்டில் ஏழாம் நிலையத்துக்கு நேரே
பிழை என்று எழுதி, அடித்து,
'ஆள் இருக்கிறார்' என்று எழுதினேன்.

நாளைக்குத் திருப்பி அனுப்புவார்கள்.