முப்பத்தெட்டு டிகிரி

அறுபத்தெட்டாம் வருஷத்து ஜாவா.
கழுத்தை அறுக்கணும் என்கிறான் நஸ்ருல்லா,
ஆம்பூரில் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிறவன்.
மூன்று மாதச் சம்பளத்தை
எண்ணாமல் மேசையில் வைத்தான்.

சைதாப்பேட்டைச் சந்து, மே மாதம்.
இரவு பதினொரு மணிக்கும் சுவர் சுடுகிறது.
உத்தரத்தில் நூல் கட்டி
ஒரு நட்டைத் தொங்கவிட்டேன்.
இருபத்தாறிலிருந்து முப்பத்தெட்டுக்குச்
சாய்ந்தது கழுத்து.
பிளந்த வாய்க்கு
நாலு மில்லிமீட்டர் தகட்டில்
இரண்டு கன்னம் வெட்டினேன்.

சேசிஸ் நம்பரை மட்டும் தொடவில்லை.
காய்ச்சல்காரன் நெற்றிபோல
ஈரத்துணி போட்டு வைத்திருந்தேன்.

உடையாதே அக்கா?

பற்றவைத்த இடம் உடையாது தம்பி,
அதற்குப் பக்கத்து இடம்தான் உடையும்.
சொன்ன வாயோடு
தங்கை ஞாபகம் வந்தது.
முகமூடியை இறக்கிக்கொண்டேன்.

விடிந்ததும் ஓட்டிப் பார்த்தான்.
முன்சக்கரம் முதலில் போனது,
கொஞ்ச நேரம் கழித்து அவன்.
சந்து முனையில் திரும்பவில்லை வண்டி.
பால்காரர், பள்ளிக்கூட ஆட்டோ, ஓர் ஆடு
எல்லோரும் காத்திருக்க
இறங்கிப் பின்பக்கத்தைத் தூக்கி
நகர்த்தி வைத்தான்,
பீரோவை நகர்த்துகிற மாதிரி.

நான் வாயைத் திறப்பதற்குள்
கத்திவிட்டுப் போனான்:
பெங்களூர் ரோட்டுல
திருப்பமே இல்லக்கா!