இருபதாவது

செக்காலை ரோடு, ஆடிட்டர் அலுவலகம்.
ஜூலை முப்பத்தொன்று, மணி நாலரை.
உண்ணாமலையின் திரையில் மட்டும்
கோப்பு திறக்க மாட்டேன் என்கிறது:
இதற்கு மேல் இணைப்பு தர இயலாது.

சர்வரை அணைத்துப் போடுங்கள், சரியாகும் என்றார் சேவுகன்.
போன வாரமும் அதைத்தான் செய்தோம்.

பட்டியலை எடுத்தேன்.
இருபது இணைப்பு. அறையிலோ
பதினோரு பேர், அதில் ஒருவர் டீ வாங்கப் போயிருக்கிறார்.
ஸ்கேனர் ஒன்று. கைரேகை மிஷின் ஒன்று.
மாடியில் யாருக்கும் ஞாபகமில்லாத
பழைய பிரிண்டர் ஒன்று.
கானாடுகாத்தான் கல்யாணத்துக்கு லீவில் போன
சோலையப்பன் மூன்று.
திறந்த கோப்பு: பூஜ்யம்.
சும்மா இருந்த நேரம்: அறுபத்தொரு மணி.

தேவகோட்டை பஸ்ஸில் ஜன்னல் வழியே
துண்டைப் போட்டுவிட்டு
ஆள் ஏறவே இல்லை.

ஒவ்வொரு துண்டாய் எடுத்தேன்.
கால் மணி பேசாத இணைப்பு
தானே அறுந்துவிடும்படி எழுதி வைத்தேன்.
உண்ணாமலை உள்ளே போய்விட்டாள்,
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பட்டியலின் அடியில் ஒரு பெயர்
யாருடையதென்று பிடிபடவில்லை.
சேவுகனைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.
மடியில் சூடு தட்டியபோதுதான் உறைத்தது:
என் லேப்டாப்.
காலை பத்திலிருந்து
எது தடுக்கிறது என்று பார்த்தபடி
ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு.

இப்போது யாரும் காத்திருக்கவில்லை.
இருந்தும் எழுந்தேன்.