இதர செலவுகள்

பத்தொன்பது வருசத்தில்
ஒரு காட்சியும் நான் எடுத்ததில்லை.
வேன் பிடித்திருக்கிறேன்.
பிரதேச செயலகத்தில் கொடுத்த கடிதத்தின் பிரதியை
பொலிஸில் கொடுத்திருக்கிறேன்.
பார்சலில் ஒன்று மரக்கறி என்று சொல்ல மறந்து
ஒலிப்பதிவாளரைப் பட்டினி போட்டிருக்கிறேன்.
தயாரிப்பாளர் என்றேன் வங்கியில்.
"என்ன தயாரிக்கிறீங்க, சவர்க்காரமா?"
ஆவணப்படம்.
காணி உறுதிகளைப் படம்பிடிக்கிற வேலை என்று
விளங்கிக்கொண்டார், கடன் தரவில்லை.

காசு தருகிறவர்கள் எல்லாருக்கும்
வாவியில் மீன் பாட வேணும்.
மூன்று பூரணைக்குக் கல்லடிப் பாலத்தடியில்
மைக்கை இறக்கினோம்.
யாரோ ஒருவருடைய மோட்டார் வள்ளம் கேட்டது.
அதற்கும் பில் இருக்கிறது.

கோழிக்குத்தான் இல்லை.

குருமண்வெளியில் பாதையில் வேனை ஏற்றி,
மண்டூர் தாண்டி, வெல்லாவெளிப் பக்கம்
பெயர்ப்பலகை இல்லாத ஒழுங்கை.
நேசமலர் இரண்டு மணித்தியாலம் பேசினா.
புருசனைக் கொண்டுபோன நாள்,
ஏறி இறங்கின முகாம்கள்,
ஒரே வசனத்தைப் பதினாலு தரம் எழுதின மனு.
பேசி முடித்துவிட்டுச் சமைத்தா,
ஐந்து பேருக்கும்.
கை கழுவும்போதுதான் கண்டேன்
கூடு திறந்து கிடந்ததை.
காசு நீட்டினேன்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டா.

இதர செலவுகளில் எழுதினேன்:
கோழி ஒன்று, 0.00.
கணக்காய்வாளர் சிவப்பால் வெட்டினார்.
பூச்சியம் செலவல்லவாம்.

படம் ஐம்பத்திரண்டு நிமிடம்.
நேசமலருக்குப் பதினொரு செக்கன்.
"அந்த மௌனம் காணும்" என்றான்
எடிட்டர் தில்ஷாத். நானும்தான் தலையாட்டினேன்.
பனி கொட்டுகிற ஊரொன்றில்
அந்தப் பதினொரு செக்கனுக்கு
அழுதார்கள் என்று மின்னஞ்சல் வந்தது.

"புள்ள, படம் வந்திட்டா?"
அவவின் போன்.

கூட்டுறவுக் கடைச் சுவரில் வெள்ளைச் சீலை.
புரொஜெக்டர் இரவல். ஜெனரேட்டர் நாலாயிரம்.
வேளாண்மை வெட்டிவிட்டு வந்தவர்கள்,
டியூசன் முடிந்த பிள்ளைகள், இரண்டு நாய்.
மிச்சப் பேச்சு எங்கே என்று கேட்டால்
என்ன சொல்வது?
சனத்துக்குப் பின்னால் நின்றேன்.

முகம் வந்தது. திகதியைச் சொன்னது. நிறுத்தியது.
அந்த மௌனத்துக்குள், அவவின் தோளுக்குப் பின்னால்,
ஒரு சிவப்புக் கோழி
அவசரமில்லாமல் நடந்து போனது.
கமராக்காரன் காணாத கோழி.
தில்ஷாத் ஆறு மாதம் வெட்டியும் காணாத கோழி.
பனி ஊரில் அழுதவர்களும்
கண்டிருக்கமாட்டார்கள்.

"அந்தா எங்கட கோழி!"
சனம் வெடித்துச் சிரித்தது.
அவவும் வாயைப் பொத்திக்கொண்டு.
"திருப்பி ஒருக்காப் போடு புள்ள."
போட்டேன்.
"இன்னொருக்கா."

நாலாந்தரம் சிரிப்பு ஓய்ந்துபோச்சு.
அப்போதுதான் அவ
திரையில் தன் வாயைப் பார்த்தா,
அது நின்ற இடத்தை.
"இதுக்குப் பிறகு நான் சொன்னது?"
ஹார்ட் டிஸ்க்கில் இருக்கு. வேனுக்குள்ள.
"முழுக்கவா?"
முழுக்க.

சீலையைப் பார்த்தபடியே கேட்டா:
"ஜெனரேட்டருக்கு எண்ணெய் கிடக்கா?"