ஆதரிக்கப்படாத பிரதேசம்

இணுவிலில பூட்டிக் கிடக்கிற மாடி வீட்டுக்கு
ஸ்காபுரோவில இருந்து ஒரு பெட்டி வந்தது.
பதினாறு பல்ப், ஒரு பூட்டு, ரெண்டு கமரா,
கதைக்கிற உருண்டை ஒண்டு,
எல்லாத்தையும் ஆளுற வெள்ளைச் சதுரம் ஒண்டு.
"கொழுவி மட்டும் விடும் ரூபன்,
மிச்சத்தை நான் இங்க இருந்து பாப்பன்"
எண்டார் அமிர்தசீலன் அண்ணை.

பல்புக்கு அடியில மரை.
வீட்டு ஹோல்டர் முழுக்கப் பின்.
கஸ்தூரியார் வீதியில நாலு கடை ஏறிப்
பதினாறையும் வாங்கி மாத்தின பிறகுதான்
பெட்டியின்ர பின்பக்கம் வாசிச்சன்:
நூற்றியிருபது வோல்ற்.
எங்கட கறண்டைக் குடுத்தால்
ஒரு கணம் கார்த்திகை விளக்கீடு,
பிறகு கரி.
(ஒண்டைக் குடுத்துப் பாத்தனான்.)

சுவிசில இருக்கிற மச்சாள் வேற பதினாறு அனுப்பினா.
மரை சரி. வோல்ற் சரி.
சதுரம் மாட்டன் எண்டிட்டுது,
இது வேற கொம்பனிப் பிள்ளையாம்.

சாத்திரியார் பத்துப் பொருத்தம் பாப்பார்.
ஆறு பொருந்தினாலே
செய்யலாம், பயமில்லை எண்டுவார்.
கொம்பனிக்குப் பத்தும் வேணும்,
பதினோராவதா மாசச் சந்தாவும் வேணும்.
அண்ணை அதையும் கட்டினார்.

உருண்டைக்குப் பேர் சொல்லிக் குடுத்தன்.
ரூபன் எண்டன்.
றொபின் எண்டது.
ரூ-பன் எண்டன், பிள்ளைக்குச் சோறு தீத்துற மாதிரி.
றொபின், இண்டைக்கு வெளியில மைனஸ் நாலு,
சறுக்காமல் நடவுங்கோ எண்டு
அதின்ர பாசையில சொன்னது.
நான் சேட்டைக் கழட்டிப்போட்டு
ஏணியில நிண்டு வேர்த்துக்கொண்டிருந்தன்.

பல்புகள் விடியப்புறம் எரிஞ்சு
வெயில் ஏற அணைஞ்சுது.
அங்க அப்பதான் பொழுது படுகுதாம்.
நாட்டை மாத்துவம் எண்டு பட்டியலைத் திறந்தன்.
எங்கட நாடு அதில இல்லை.
இந்தியா எண்டு போட்டன்.
பின்கோட் கேட்டது.
ஒரு சேலைப் பையில கிடந்த சென்னை விலாசத்தைப் பாத்து அடிச்சன்.
கொஞ்சம் யோசிச்சுப்போட்டு எழுதினது:
உங்கள் கணக்கு ஒரு நாட்டில் உள்ளது.
உங்கள் கருவி வேறொரு நாட்டில் உள்ளது.
இவற்றை இணைக்க இயலாது.

அப்பிடியே தமிழில வாசிச்சுக் காட்டினன்.
வீடியோவில அண்ணை ஒண்டும் கதைக்கேல்லை.
அவருக்குப் பின்னால யன்னலில
பனி கொட்டிக்கொண்டிருந்தது.
லைன் விழுந்திட்டுதாக்கும் எண்டு நினைச்சன்.
விழேல்லை.

எப்பிடியோ ரெண்டு மாதம் ஓடிச்சுது.
கமராவில பல்லி ஓடினால்
அங்க சுகிர்தா அக்கா பதறி எழும்புவா,
இங்க என்ர போன் அடிக்கும்.
பிறகு ஒரு கடிதம்:
வெள்ளைச் சதுரத்துக்கான ஆதரவு முடிவடைகிறது.
புதிய சதுரத்தை வாங்கவும்.
அது உங்கள் பிரதேசத்தில் விற்கப்படுவதில்லை.

"ரூபன், நீர் பின்னேரத்தில ஒருக்காப் போய்ப்
போட்டு விட்டால் என்ன?"
மாதம் ஒன்பதாயிரம்.

ஆறு மணிக்குப் போடுவன். படம் எடுத்து அனுப்புவன்.
ஒன்பதுக்கு அணைப்பன். அதுக்கும் ஒரு படம்,
முழுக்க இருட்டு, எண்டாலும் கேப்பார்.
ஒருநாள் குரல் அனுப்பினார்:
மேல் அறை லைற்றைக் கொஞ்சம் குறைச்சு எரிய விடேலுமோ?
ஓம் எண்டு போட்டன்.
கதிரையில இருந்து ரெண்டு நிமிசம் பாத்துக்கொண்டிருந்தன்.
ஒண்டும் செய்யேல்லை.
இப்ப நல்ல வடிவு எண்டு பதில் வந்தது.

போன கிழமை மழை.
கொக்குவில் தொடக்கம் கறண்ட் இல்லை,
மோட்டச்சைக்கிளுக்குள்ள தண்ணி,
போனும் செத்துப் போச்சு.
விடிய சார்ஜ் ஏற ஏற ஒவ்வொண்டா வந்து விழுந்தது.
லைற் எரியேல்லையோ.
ரூபன்.
ரூபன்?
கடைசியா ஒரு படம்,
நான் முந்தி அனுப்பினதுதான்:
வாசல் லைற் எரியுது,
கரையில என்ர சைக்கிளின்ர முன் சில்லுப் பாதி.
கீழ ஒரு சொல்லும் இல்லை.
அவற்ர நேரம் இரவு ஒண்டரை.