சட்டை சொன்ன சாட்சி

பலகை பெரிதானால் கறி சிறிது என்பான் ப்ரூவிட்.
ஆறு வருஷமாய் என் பக்கத்து இருக்கை.
நாங்கள் ஏற்றுவது பள்ளிப் பேருந்துக்கான சீட்டுகள்.
டஸ்கலூசாவில் ஏற்றி மேக்கனில் இறக்குவோம்.
நடுவில் அலபாமா முழுக்கப் பசி.

அவன் வேதம் இது:
பலகையில் பன்றி சிரித்தால் நிற்காதே.
தொப்பி போட்டு ஆடினால்
இன்னும் வேகமாய் மிதி.
கொல்லையில் விறகு உண்டா பார்,
ஹிக்கரி, பிளந்து ஒரு வருஷமாவது ஆனது.
கேஸ் குழாய் கண்ணில் பட்டால்
அது சமையல் இல்லை,
கறிக்கு வந்த காய்ச்சல்.
ஷெரிப் கார் நின்றால் நல்லது.
சவ வண்டி நின்றால் அதைவிட நல்லது,
அவசரமில்லாதவன் தேர்ந்தெடுத்த கடை.

போன சனிக்கிழமை,
ஓபலைக்காவுக்குச் சற்று முன்னால்,
ஜன்னல் இறங்கியிருந்தது.
ப்ரூவிட் பேச்சை நிறுத்தினான்.
(அது அடிக்கடி நடப்பதில்லை.)
மூக்கை உயர்த்தி, கண்ணை மூடி,
"இடது பக்கம்" என்றான்.
இடது பக்கம் பைன் மரங்கள்தான் இருந்தன.

ஐம்பத்து மூன்றடி லாரியை
மண் பாதையில் திருப்பினேன்.
முதலாளி கேட்டால்
திருப்பவில்லை.

தகரக் கூரை. பெயர் கிடையாது.
விறகு இருந்தது, மார்பு உயரத்துக்கு.
சவ வண்டியும் இருந்தது!
உள்ளே எட்டிப் பார்த்தோம், காலி.
ப்ரூவிட் என் தோளைப் பிடித்துக்கொண்டான்,
கோயிலுக்குள் நுழைகிறவன் மாதிரி.

வரிசையில் பதினோரு பேர்.
முன்னால் நின்ற நர்ஸ்
"வெளிப்பக்கம், கருகினதாய்" என்றாள்.
கம்பிவலைக் கதவுக்கு அந்தப் பக்கம்
வெர்லீன் டாக்கின்ஸ் வெட்டினாள்.
இரவெல்லாம் தணலைப் பார்த்த கண்கள்
எங்களைப் பார்க்கவில்லை.
கத்தி விழும் சத்தம்,
கொழுப்பு தணலில் சொட்டும் சத்தம்,
ப்ரூவிட்டின் வயிறு.
நாற்பது நிமிஷம்
புகை எங்களைப் பொறுமையாய்ப் பதப்படுத்தியது.

எங்களுக்கு முன் ஒரே ஒரு ஆள்,
கறுப்புக் கோட்டு, பளபளத்த ஷூ.
"பதினெட்டு சாண்ட்விச்" என்றார்.
"துக்க வீட்டுக்கு."

அவரை எப்படித் திட்டுவது?
ப்ரூவிட் தொப்பியைக் கழற்றினான்.
யார் இறந்ததற்கென்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வெர்லீன் அட்டையைத் திருப்பி மாட்டினாள்: தீர்ந்தது.
"நாளைக்கு?"
"நாளை ஞாயிறு. தேவனுக்கு."
"திங்கள்?"
"திங்கள் என் முழங்காலுக்கு."

ஏழு மைல் தள்ளி, குடைக்குக் கீழே ஒரு பையன்,
இரும்புத் தொட்டியில் வேர்க்கடலை வேகவைத்துக்கொண்டிருந்தான்.
ஆளுக்கொரு பை.
உப்புத்தண்ணீர் முழங்கைவரை வழிந்தது.
நன்றாகத்தான் இருந்தது, சொல்லக் கூடாது.
ப்ரூவிட் ஜார்ஜியா எல்லைவரை
தோலை மட்டும் உரித்தான்,
வாயைத் திறந்தது கடலைக்குத்தான்.

வீட்டில் நெல்டா கதவைத் திறந்ததும்
என் காலரைப் பிடித்து இழுத்தாள்.
முத்தம் இல்லை, மோப்பம்.
"எங்கே சாப்பிட்டாய்?"
"சாப்பிடவே இல்லை."
"ஹிக்கரி" என்றாள்.
"தோள் கறி" என்றாள்.
"பதினாலு மணி நேரம்.
எனக்கு ஒரு துண்டு எடுத்துவைக்கத் தோன்றவில்லை."

கடலைத் தோல் இரண்டு
பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டினேன்.
எந்த நீதிபதி நம்புவார்?

சட்டையை அவள் துவைக்கப் போடவில்லை.
கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள்,
ஆதாரம் என்று.

இரவு இரண்டு மணி இருக்கும்,
தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
இருட்டில் ஆணிக்கு முன்னால்
வெறுங்காலோடு நெல்டா,
முகம் முழுக்கச் சட்டைக்குள்.

திரும்பாமலே கேட்டாள்:
செவ்வாய்க்கிழமை லோடு உண்டா,
பக்கத்து இருக்கையை ப்ரூவிட்
ஒரு நாள் விட்டுக்கொடுப்பானா?